சாரலுக்குப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் வாடகை

பாளையங்கோட்டையில் டிராவல்ஸ் நடத்துகிறேன். கார், வேன், டிக்கெட், ரூம் புக்கிங் எல்லாம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலைய வேலைக்காக வந்து தங்கியிருக்கும் ரஷ்யக் குடும்பங்களுக்கும், மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இருக்கிற நம் குடும்பங்களுக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரூம் போடுகிறேன். அதனால் இரண்டு தரப்பு பில்லும் என் கைக்கு வரும். அந்தப் பில்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாபநாசம் பக்கமோ குற்றாலம் பக்கமோ கொஞ்சம் நல்ல ரிசார்ட்டாகப் பார்த்துத் தங்கப் போனால், பல நேரம் வெளிநாட்டுக்காரரைவிட உள்ளூர்க்காரர்தான் அதிகம் கொடுக்கிறார்.

போன ஆனி மாதத்துப் பில் ஒன்று. மலையடிவாரத்து ரிசார்ட். கூடங்குளத்திலிருந்து வந்த கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பையன். ரூம் வாடகை 5,200 ரூபாய். காலை டிபன் அதற்குள் அடக்கம். பையனுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதே வாரம், அதே வரிசையில் இரண்டு ரூம் தள்ளி மேலப்பாளையத்து ஆசிரியர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தங்கினார். வாடகை 6,800. பிள்ளைகளுக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று தலைக்கு 1,200. டிபன் தனி. வரி போடுவதற்கு முன்பே 9,200 ஆகிவிட்டது. எக்ஸ்ட்ரா பெட் என்று கொடுத்தது தரையில் விரிக்கிற மெத்தை. அதற்கும் போர்வை கேட்டு இரண்டு தடவை ரிசப்ஷனுக்கு நடந்திருக்கிறார்.

மேனேஜரிடம் கேட்டேன். பழக்கமானவர், மறைக்காமல் சொன்னார்: “அண்ணாச்சி, அவங்களுக்கு கம்பெனி கான்ட்ராக்ட் ரேட். இவரு சனிக்கிழமை நேரா வந்து நின்னாரு. அதோட, நம்மாளுங்க வந்தா ரூமை என்ன பாடு படுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?”

அவர் பதிலில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது வியாபாரம். அதை நாமும் புரிந்துகொண்டு சமாளிக்கலாம். இரண்டாவது, ஆளைப் பார்த்து ரேட் போடுவது. அதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

முதலில் வியாபாரம். தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வருகிறார்கள். அவர்களை அனுப்பும் ஏஜென்ட்கள் பல மாதம் முன்னதாகவே ரிசார்ட்டோடு பேசி, இத்தனை ரூம், இன்ன விலை, டிபன் உட்பட என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். கூடங்குளம் மாதிரி இடங்களில் கம்பெனிகளே வருஷம் முழுவதுக்கும் ஒரு ரேட் பேசி வைத்திருக்கும். நமக்கோ சீசன் என்றால் குற்றாலச் சாரல்தான். ஜூன் கடைசியில் தென்காசி பக்கம் காற்று திரும்பியதும் மதுரை, தூத்துக்குடி, விருதுநகர், நெல்லை என்று அத்தனை பேரும் அந்த எட்டுப் பத்து வாரத்துக்குள், அதுவும் சனி ஞாயிறில், ஒரே ஊருக்குப் போய் நிற்கிறோம். வெளிநாட்டுக்காரர் காலியாகக் கிடக்கிற ரூமுக்கு வருகிறார். நாம் அடிதடியாக இருக்கிற ரூமுக்குப் போகிறோம். வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் உண்டாகிறது.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள் என்பதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஐந்தாறு ரூம் எடுங்கள். ஐந்து ரூம் என்றதும் ரிசப்ஷனில் இருப்பவர் போனை மேனேஜரிடம் கொடுப்பார். மேனேஜரிடம் குரூப் ரேட் கேட்கலாம். கேட்காதவருக்கு அது கிடைக்காது. கல்யாண முகூர்த்த நாள், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூடுகிற ஆடி அமாவாசை, இந்த நாட்களில் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வரை வாடகை ஏறிவிடும். 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தபோது வெளிமாநிலக் குழுக்கள் முன்பே ரூம் பிடித்துவிட்டன. கடைசி நேரத்தில் சொந்தக்காரர்களுக்காக ரூம் தேடிய நெல்லைக்காரர்கள்தான் கேட்ட தொகையைக் கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயம் வாடகையில் தெரியாது, தலைக்கணக்கில்தான் தெரியும். வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் இரண்டு பேர், ஒரு ரூம். நாம் அம்மா, அப்பா, பிள்ளைகள், ஆச்சி என்று போகிறோம். ரூம் ரேட்டில் முந்நூறு குறைத்துவிட்டு, தலைக்குத் தலை பெட், டிபன், டிரைவர் தங்க இடம், நீச்சல் குளம் என்று அதை மூன்று மடங்காக வசூல் செய்துவிடுவார்கள். ஏஜென்ட் ரேட்டில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கும் ரிசார்ட்டே, நேரில் போனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் காசு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, “ரூம் என்ன ரேட்?” என்று கேட்காதீர்கள். “பெரியவங்க மூணு, பிள்ளைங்க ரெண்டு, ரெண்டு ராத்திரி, டிபனோட வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேளுங்கள். வந்த பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆன்லைன் புக்கிங்கிலும் இந்த வித்தியாசம் உண்டு. சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு ராத்திரி இருவரும் போனில் பேசிக்கொண்டே ஒரே ரிசார்ட்டை, ஒரே தேதிக்கு, ஒரே தளத்தில் திறந்தோம். அவனுக்குக் காட்டிய விலை எனக்குக் காட்டியதைவிட அறுநூறு ரூபாய்க்கு மேல் குறைவு. இது கோளாறு இல்லை. எந்த நாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று ஹோட்டல்காரரே போட்டுக்கொள்ள அந்தத் தளங்கள் வசதி செய்து கொடுத்திருக்கின்றன. வெளிநாட்டுச் சொந்தக்காரரை வைத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் வசிப்பவருக்கு மட்டும் என்று நிபந்தனை இருந்தால், பெட்டியோடு ரிசப்ஷனில் நிற்கும்போது தகராறு வரும். அதற்குப் பதில் அந்த விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிசார்ட்டுக்கு நேரடியாக போன் போடுங்கள். புக்கிங் தளங்களுக்கு அவர்கள் கொடுக்கும் கமிஷன் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போகும். அது மிச்சமாகும் என்பதால் நேரில் பேசுபவருக்கு இறங்கி வருவார்கள்.

வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12 ஆக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். 7,600 ரூபாய் ரூம் என்றால் வரியோடு 8,968. நூறு ரூபாய் குறைத்து 7,500 ஆக்கினால் 7,875. நூறு ரூபாய் பேரம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கும் இடம் இது. பழைய 12 சதவீதத்தையே போட்டு நீட்டினால் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லுங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

குற்றாலம் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தான். அதன் பிறகு வெள்ளம் என்றால் அருவியில் குளிக்க உடனே தடை போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். ஏஜென்ட் மூலம் வருபவருக்குத் தேதி மாற்றுவது, பணம் திரும்பக் கிடைப்பது எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும். நமக்கு அட்வான்ஸ் போனால் போனதுதான். குளிக்கத் தடை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள்.

இனி, ஆளைப் பார்த்து ரேட் போடும் விஷயம். ஆதாரில் திருநெல்வேலி முகவரியைப் பார்த்ததும் ரூம் இல்லை என்று சொல்லும் லாட்ஜ்கள் நெல்லை ஜங்ஷன் பக்கத்திலேயே இருக்கின்றன. கேட்டால் போலீஸ் சொல்லியிருக்கிறது என்பார்கள். உள்ளூர்க்காரருக்கு ரூம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. குற்றாலத்திலும் இதே கதைதான். அது 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது, வாஸ்தவம். ஆனால் அங்கே அருவியாக விழும் சிற்றாறு சீவலப்பேரியில் வந்து தாமிரபரணியில்தான் கலக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் ரிசப்ஷனில் நிற்கும்போது, குடிப்பாரா, சத்தம் போடுவாரா, நான்கு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரை உள்ளே விடுவாரா என்ற கண்ணோடு பார்க்கிறார்கள்.

அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதே எண்ணெயோடு மெத்தையில் படுத்தவர்களால் ஹோட்டல்காரர் உறையை மாற்றிய செலவு எனக்குத் தெரியும். அதற்கு வழி டெபாசிட். ஆயிரமோ இரண்டாயிரமோ எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்கட்டும். சேதம் இருந்தால் கழித்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் திருப்பித் தரட்டும். எண்ணெய்க்காரர் செய்ததற்கு மேலப்பாளையத்து ஆசிரியர் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக ஒரு குடிமகனை ஹோட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 2014-இல் பெங்களூரில் ஜப்பானியர்களுக்கு மட்டும் என்று நடந்த ஒரு ஹோட்டலை, பாகுபாடு காட்டுவதாக எழுந்த புகாருக்குப் பிறகு மாநகராட்சி மூடியது. ஆனால் ஒருவருக்கு ஒரு வாடகை, இன்னொருவருக்கு வேறு வாடகை என்பதைத் தடுக்கிற சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்வது இதுதான்: மாட்டி வைத்த விலைப்பட்டியலுக்கு மேலோ, இரு தரப்பும் பேசிய விலைக்கு மேலோ வாங்கினால் புகார் செய்யலாம். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள் என்றேன். ரிசப்ஷனில் டாரிஃப் போர்டு இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பில் இல்லாமல் மட்டும் வெளியே வராதீர்கள். பில் வேண்டாம் என்றால் இருநூறு குறைக்கிறேன் என்பார்கள். அந்த இருநூறை வாங்கிக்கொண்டால் பிறகு எங்கும் வாதாட முடியாது.

அரசு நடத்தும் இடங்களில் உள்நாட்டுக்காரருக்குக் குறைவு என்பதுதான் முறை. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நம் வரிப்பணத்தில் காப்பாற்றி வரும் இடம், அதனால் நமக்குச் சலுகை. தனியார் ரிசார்ட் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தலைகீழாக்காமல் இருந்தால் போதும்.

ரிசார்ட் நடத்துகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் சுற்றுலா விசா நின்றது. மறுபடி சாதாரண விமானங்களில் சுற்றுலாப் பயணிகள் வர 2021 நவம்பர் ஆனது. அந்த இருபது மாதத்தில், ஊரடங்கு தளர்ந்த நேரமெல்லாம் வந்து தங்கி, உங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் போட வைத்ததும் உங்கள் சமையல்காரருக்குச் சம்பளம் கொடுக்க வைத்ததும் கோவில்பட்டி, சங்கரன்கோவில், பாளையங்கோட்டைக் குடும்பங்கள்தான். அடுத்த சீசனுக்கு டாரிஃப் அச்சடிக்கும்போது வெளிநாடு, கார்ப்பரேட், ஏஜென்ட் என்று போடும் கட்டங்களோடு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்தாருக்கு என்று இன்னொரு கட்டம் போடுங்கள். வார நாளில் மட்டும் கொடுத்தாலும் சரி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதை எல்லாக் கட்டத்திலும் ஒன்றுபோல எழுதுங்கள். அந்தக் கார்டை என் மேசையில் வைத்தால், மேலப்பாளையத்திலிருந்து வருகிறவருக்கு முதலில் உங்கள் ரிசார்ட்டைத்தான் சொல்வேன்.