எம் சிப் மேக்கில் விண்டோஸ் ஓடுமா?

கேள்வி: எம்3 சிப் உள்ள மேக்புக் வாங்கியிருக்கிறேன். அலுவலகக் கணக்குகளுக்கு டேலி இல்லாமல் முடியாது. பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் வைத்திருந்தேன். இதில் அந்த வசதியே இல்லை. விர்ச்சுவல் மெஷின் போட்டால் ஓடும் என்கிறார் ஒருவர். ஓடவே ஓடாது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வரி ஆலோசகர், ஈரோடு

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு விண்டோஸை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

2020 நவம்பரில் எம்1 சிப்புடன் மேக் கணினிகள் இன்டெல்லின் எக்ஸ்86 குடும்பத்தை விட்டு ஆர்ம் குடும்பத்துக்கு மாறத் தொடங்கின. இரண்டு குடும்பத்துச் சிப்புகளும் புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகள் வேறு வேறு. வழக்கமான விண்டோஸ் எக்ஸ்86 கட்டளைகளால் ஆனது. எனவே 2006 முதல் இருந்துவந்த பூட் கேம்ப்புக்குப் புதிய மேக்குகளில் இடமில்லாமல் போயிற்று.

மெய்நிகர் கணினி (விர்ச்சுவல் மெஷின்) இந்தச் சிக்கலைத் தானாகத் தீர்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீர்க்காது. அது கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியைப் பிரித்து இன்னோர் இயங்குதளத்துக்குக் கொடுக்கிறது, சிப்பை மாற்றுவதில்லை. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளில் பெரும்பாலானவை நேரே அசல் சிப்புக்கே போகின்றன. மெய்நிகர் கணினியின் வேகத்துக்குக் காரணமே அதுதான். ஆகவே உள்ளே வரும் இயங்குதளமும் ஆர்முக்கென்று உருவானதாக இருக்க வேண்டும். எக்ஸ்86 இயங்குதளத்தைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் பெயர்த்துத் தர வேண்டியிருக்கும். பேச்சு முழுவதையும் துபாஷி வைத்து நடத்துவதைப் போன்ற வேலை அது. எமுலேஷன் எனப்படும் இந்த வழியில் வேகம் பல மடங்கு குறைந்துவிடும்.

ஈரோட்டு வாசகருக்கு நல்ல செய்தி, விண்டோஸ் 11க்கு ஆர்ம் பதிப்பு இருக்கிறது என்பது. எம் வகை மேக்கில் மெய்நிகர் கணினி மென்பொருளான பேரலல்ஸ் டெஸ்க்டாப் வழியாக அதை ஓட்டுவதற்கு 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புதல் அளித்தது. அந்த விண்டோஸுக்குள் எக்ஸ்86 செயலிகளை ஆர்முக்குப் பெயர்த்துத் தரும் அடுக்கு ஒன்று உண்டு. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் அதற்குப் பிரிசம் என்று பெயர். இயங்குதளம் முழு வேகத்தில் ஓடுகிறது, தேவைப்படும் செயலிக்கு மட்டும் பெயர்ப்பு நடக்கிறது. கணக்கு மென்பொருள் போன்ற எளிய செயலிகளுக்கு இது பெரிய சுமையல்ல.

தடங்கல் வருவது டிரைவரில். பிரிசம் செயலிகளைப் பெயர்க்கும். இயங்குதளத்தின் கருவுக்குள் அமரும் டிரைவர்களைப் பெயர்க்காது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன், பழைய பிரிண்டர், பார்கோடு கருவி ஆகியவற்றுக்கு ஆர்ம் டிரைவர் இல்லையென்றால் செருகியும் பயனில்லை. வரி ஆலோசகருக்கு டோக்கன்தான் உயிர்நாடி. ஆகவே டோக்கன் விற்றவரிடம் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுவிட வேண்டும்: விண்டோஸ் ஆர்முக்கு டிரைவர் உண்டா, மேக்குக்கு உண்டா? மேக் டிரைவர் இருந்தால் கையொப்ப வேலையை மேக் பக்கத்திலேயே முடித்துக்கொள்ள முடிகிறதா என்றும் பார்க்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, பேரலல்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஃபியூஷன் 2024 நவம்பரிலிருந்து அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசம். எதை எடுத்தாலும் விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்கியாக வேண்டும். மேக்கில் 8 ஜிபி நினைவகம்தான் என்றால் இரண்டு இயங்குதளங்களும் அதைப் பங்குபோட்டுத் திணறும். பின்னால் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை என்பதால், புதிதாக வாங்குவோர் 16 ஜிபிக்குக் கீழே இறங்கக் கூடாது.

கேள்வி: அச்சகத்தில் இருபது ஆண்டுப் புத்தகங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கின்றன. பழைய தமிழ் எழுத்துருக்கள், விண்டோஸ் எக்ஸ்பி. இந்தக் கணினி எந்த நாளும் நின்றுவிடலாம். அப்படியே புதிய மேக்குக்குள் கொண்டுபோக முடியுமா?
– பதிப்பக வடிவமைப்பாளர், சிவகாசி

பதில்: எக்ஸ்பிக்குப் பொதுப் பயன்பாட்டு ஆர்ம் பதிப்பு என்றும் வந்ததில்லை. ஆகவே இங்கே எமுலேஷன் மட்டுமே வழி. ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் தொடங்கிய கியூஈஎம்யூ என்ற திறமூல மென்பொருள் ஒரு முழு எக்ஸ்86 கணினியையே மென்பொருளாகப் பாவித்துக் காட்டும். அதை மேக்கில் எளிதாகக் கையாளத் தருகிறது யூடிஎம். எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் இன்றைய அளவில் மிகச் சிறிய மென்பொருள்கள். ஆகவே மெதுவாக ஓடினாலும் கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆக எடுக்கும் அளவுக்குத் தாங்கும்.

பேரலல்ஸும் 2025 ஜனவரியில் எக்ஸ்86 எமுலேஷனை முன்னோட்டமாகத் தந்தது. விண்டோஸ் தொடங்கவே 2 முதல் 7 நிமிடம் ஆகலாம் என்று அந்நிறுவனமே சொல்லிவிட்டது. 64 பிட் இயங்குதளங்களுக்கு மட்டும் என்பதால் எக்ஸ்பிக்கு அது உதவாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள் சில, கணினியின் பின்னால் பிரிண்டர் துறையில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். புதிய மேக்கில் அந்தத் துறை கிடையாது. அப்படிப்பட்ட அச்சகங்கள் பழைய கணினி நிற்பதற்குள் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகவும், உரையை யூனிகோடாகவும் மாற்றிவிடுவது மிக அவசரமான வேலை. இருபது ஆண்டுத் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு வன்தட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்த ஓவிஏ கோப்பு எதுவும் என் மேக்புக் ஏரில் திறக்கவில்லை. மற்ற மாணவர்களுக்கெல்லாம் திறக்கிறது.
– சைபர் பாதுகாப்பு மாணவி, திருச்சி

பதில்: ஓவிஏ என்பது ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே பொதிந்த கோப்பு. ஆய்வகம் கொடுத்தவை எக்ஸ்86 இமேஜ்களாக இருக்கும். தாக்குதல் பயிற்சிக்கு எங்கும் பயன்படும் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 அப்படிப்பட்டதுதான். அதை யூடிஎம்மில் எமுலேஷன் முறையில் திறக்கலாம். திரைவரைகலை இல்லாத சர்வர் என்பதால் வேகக் குறைவு அவ்வளவாக உறுத்தாது. காளி, உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றுக்கும் ஆர்ம்64 பதிப்பு உண்டு. அவற்றைப் புதிதாக நிறுவிக்கொண்டால், உடன்படிப்பவர்களின் கணினிகளுக்கு வேகத்தில் சளைக்காது.

எக்ஸ்86 அசெம்பிளி பாடம் மட்டும் தனி. அந்தக் கட்டளைகளை ஆர்ம் சிப் அறியாது. ஆப்பிளின் மெய்நிகராக்கக் கட்டமைப்பில் ஓடும் ஆர்ம் லினக்ஸுக்குள், 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா முதல், ஆப்பிளின் பெயர்ப்பு மென்பொருளான ரொசெட்டாவைச் சேர்த்து 64 பிட் எக்ஸ்86 நிரல்களை ஓட்டலாம். ஆனால் மேக்கில் ரொசெட்டா முழுமையாகக் கிடைப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025-இல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. நான்காண்டுப் படிப்பில் இப்போது நுழைபவர்கள் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ரொசெட்டாவும் பெயர்ப்புதானே? அது மட்டும் எப்படி இவ்வளவு வேகம்?
– பொறியாளர், சென்னை

பதில்: முன்கூட்டியே பெயர்த்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். இன்னொன்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்86 சிப்பில் ஒரு கோர் நினைவகத்தில் எழுதியவை, எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்ம் அந்த வரிசைக்கு உறுதி தருவதில்லை. பெயர்க்கும் மென்பொருள் இதை ஈடுகட்ட ஆங்காங்கே தடுப்புக் கட்டளைகளைச் செருக வேண்டும். வேகம் சரிவது அங்கேதான். எம் சிப்புகளில் எக்ஸ்86 வரிசையை வன்பொருளே கடைப்பிடிக்கும் ஒரு முறையை ஆப்பிள் வைத்தது.

இதைவிட அழகான வேலை அசாஹி லினக்ஸ் குழுவினருடையது. மேக்கில் நேரடியாக லினக்ஸை ஓட்டும் தன்னார்வத் திட்டம் அது. அசாஹி நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. எக்ஸ்86 விளையாட்டுகளோ 4 கேபி பக்கங்களை எதிர்பார்க்கின்றன. 2024 அக்டோபரில் அவர்கள் தந்த தீர்வில், முவிஎம் என்ற மிகச் சிறிய மெய்நிகர் கணினி 4 கேபி பக்கங்களுடன் ஓடுகிறது. அதற்குள் ஃபெக்ஸ் பெயர்ப்பி, அதற்குள் விளையாட்டு. லினக்ஸை ஓட்ட லினக்ஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி!

கேள்வி: ஸ்நாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போடலாமா?
– ஆசிரியர், மதுரை

பதில்: போடலாம். ஸ்நாப்டிராகன் எக்ஸும் ஆர்ம் சிப்தான். மெய்நிகர் கணினி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் 2025 ஆகஸ்டில் வந்த 7.2 பதிப்பு ஆர்ம் விண்டோஸ் கணினிகளை ஏற்கிறது. விண்டோஸ் புரோ உரிமம் இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியும் கிடைக்கும். இரண்டிலும் ஆர்ம் இயங்குதளங்கள் மட்டுமே ஓடும். பழைய கணினியில் சேமித்து வைத்த எக்ஸ்86 மெய்நிகர் வட்டுகளை அவற்றில் திறக்க முடியாது.