பூட்டியின் பெயர் என்ன?

மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளிடம் தாத்தாவின் பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தாத்தாவின் தகப்பனார் பெயர்? யோசிப்பார்கள். ஆச்சியின் தாயார், அதாவது பூட்டியின் பெயர்? அது நம்மில் பலருக்கே தெரியாது! ஊரில் இருப்பவர்களுக்கு நினைவூட்டச் சொந்தபந்தங்கள் உண்டு. ஊரை விட்டு வந்த நமக்கு எழுதி வைத்தால்தான் உண்டு. எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை நான் எழுதத் தொடங்கியபோது அறிந்துகொண்ட சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்களிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லுங்கள். பெயர், ஊர், வருடம், சொன்னவர் யார் என்று நான்கு விவரங்கள் போதும். உறுதியாகும்வரை பென்சிலால் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள்.

அடுத்து, குடும்பத்தின் மூத்தவர்கள். எங்கள் பெரிய அத்தைக்கு வயது 86. பூட்டியின் பெயரை அறிந்தவர் அவர் ஒருவர்தான். காலையில் தெளிவாகப் பேசுவார். மாலையில் என்னையே யாரென்று கேட்பார். எனவே இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. "முன்னோர் யார் யார்?" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் கல்யாணத்துக்கு யார் யார் சீர் கொண்டு வந்தார்கள்?" என்று கேளுங்கள். பெயர்கள் வரிசையாக வரும்.

மூன்றாவது, வீட்டுக் காகிதங்கள். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, ஜாதகம், பத்திரம் எல்லாம் உதவும். ஜாதகத்தில் 'பிரமாதி வருடம்' என்றிருந்தால் அது 1879-ஆ, 1939-ஆ, 1999-ஆ? தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிள்ளைகளின் வயதோடு ஒத்துப் பாருங்கள். சித்திரையில் வருடம் பிறப்பதால், 1939-இல் தொடங்கிய பிரமாதியின் தை மாதம் 1940-இல் வரும். பழைய பத்திரத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றுள்ள ஊர், 1986-இல் பிரிந்த தூத்துக்குடியிலோ 2019-இல் பிரிந்த தென்காசியிலோ இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே இரண்டு பேரை ஒருவராக எண்ணிவிடாமல் இனிஷியலைக் கவனியுங்கள்.

நிலப் பத்திரங்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இருக்கும். பெண்களைத் தேடப் பரணில் ஏறுங்கள். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அத்தை சொன்னதும் அதே பெயர். பிறகே நோட்டில் மையால் எழுதினேன். பழைய பாத்திரங்களைப் போட்டு எவர்சில்வர் வாங்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நான்காவது, குலதெய்வக் கோயில். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பங்காளிகள் கூடுவார்கள். வரி நோட்டில் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரும் இருக்கும். அதை வைத்திருப்பவரிடம் பணிவாகக் கேட்டால் காட்டுவார்.

ஒரு வேண்டுகோள். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகி வருகிறார்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவர்கள் படிக்கக்கூடிய எழுத்திலும் எழுதி வையுங்கள்.