எவர்சில்வர் கத்தியில ஏன் துரு வருது?

ஹாஸ்டல் தட்டு வருஷக்கணக்கா பளபளன்னு இருக்கும். அதோட வாங்கின கத்தியில மட்டும் பழுப்புப் புள்ளி. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைக்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை எடுங்க. நிக்கல் கலந்த தட்டுல அது ஒட்டாது, கத்தியில ஒட்டும். ரெண்டும் வேற வேற எஃகு.

தட்டு 304 ரகம்னா குரோமியம் சுமார் 18%, நிக்கல் 8%. கத்திக்குப் பயன்படும் 420 ரகத்தில் குரோமியம் 12–14% தான், ஆனா கார்பன் அதிகம். கார்பன் இல்லாம கூர் நிக்காது. அதே கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பைடாகப் பிடிச்சு வெச்சுக்கும். துருவைத் தடுப்பதோ சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். மிச்சமிருக்கற குரோமியம்தான் அதை உருவாக்கணும்.

உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஒரு புள்ளியில் உடைக்கும். அந்தப் புள்ளி ஆனோடு, மீதி பிளேடு முழுக்க கேத்தோடு. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, சின்ன ஆனோடு பெரிய கேத்தோடுன்னா அரிப்பு வேகம்னு, அதேதான். குழி உள்ளே இறங்கிக்கிட்டே போகும்.

அதனால உப்பு மாங்காய் நறுக்கின கத்தியை ராத்திரி முழுக்க சிங்க்ல போடாதீங்க. கழுவித் துடைச்சு வைங்க, பிடி சேரும் இடுக்கையும் சேர்த்து. அங்க தேங்கின தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்துட்டா படலம் மறுபடி உருவாகாது. இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதோட துகள் ஒட்டிக்கிட்டுத் துருப்பிடிக்கும். லேசான கறைக்கு சமையல் சோடாவைக் குழைச்சு ஸ்பாஞ்சால தேய்ச்சா போதும். குழி விழுந்துட்டா சாணைதான், அது பிளேடையும் சேர்த்தே தேய்க்கும்.