ஆயிரம் குன்றுகளின் நாட்டில்

ஆப்பிரிக்காக் கண்டத்தில், விக்டோரியா ஏரிக்கு மேற்கே, ருவாண்டா என்னும் சிறு நாடு உள்ளது. கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் குன்றுகளே தோன்றுவதால் அதனை 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று அழைப்பர். குன்றுகளின் சரிவில் வாழையும் தேயிலையும் காப்பியும் செழித்து வளர்கின்றன. அந்நாட்டுச் சிறுவர்க்குக் கால்பந்தே உயிர். பந்து வாங்கப் பொருளில்லாதவர் வாழைச் சருகைச் சுருட்டி, நாரால் இறுகக் கட்டித் தாமே பந்து செய்துகொள்வர்.

அத்தகைய சிறுவர் பயிலும் ஒரு பள்ளியின் முற்றத்தில் ஒரு நாள் காலை வெளிநாட்டார் நால்வர் வந்து இறங்குகின்றனர். அவர்கள் கொணர்ந்த நீண்ட பைகளில் பிளாஸ்டிக் மட்டைகளும், கனமற்ற பந்துகளும், தரையில் ஊன்றாமலே நிற்கும் ஸ்டம்புகளும் இருக்கின்றன. மாணவர் கூட்டம் மொய்க்கிறது. மட்டையை முதன்முதலாகக் கையில் வாங்கிய சிறுமி ஒருத்தி, அதன் எப்பக்கத்தால் பந்தை அடிப்பது என்றறியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் கிரிக்கெட் நுழைந்தது இவ்வாறுதான்.

ருவாண்டா 1962 வரை பெல்ஜிய நாட்டின் ஆளுகையில் இருந்தது. பெல்ஜியர் கிரிக்கெட் ஆடுவோர் அல்லர். ஆகவே ஆண்டவர் வழியாக அவ்வாட்டம் அங்கு வரவில்லை. வந்த வழி துயரம் நிறைந்தது. 1959 முதல் டுட்சி இனத்தவர் பலர் இனப்பகைக்கு அஞ்சி உகாண்டா முதலிய அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். ஆங்கிலேயர் ஆண்ட அந்நாட்டுப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் சிலர் கிரிக்கெட் பழகினர். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் ஏறத்தாழ நூறு நாட்களில், ருவாண்டாவில் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவருள் மிகப் பலர் டுட்சி இனத்தவர். கொலைத்தாண்டவம் ஓய்ந்தபின், அயல்நாடுகளில் வளர்ந்தவர்கள் தாய்நாடு திரும்பினர். அவர்களோடு மட்டையும் பந்தும் வந்தன. 1999இல் கிரிக்கெட் சங்கமும் நிறுவப்பட்டது.

அவர்கள் ஆடுவதற்குக் கிடைத்த திடலோ, தலைநகராகிய கிகாலியில் கிக்குக்கிரோ என்னும் பகுதியிலிருந்த தொழிற்பள்ளியின் திடல். 1994இல் அப்பள்ளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐக்கிய நாடுகளின் படையை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11ஆம் நாள் அங்கிருந்த பெல்ஜியப் படைவீரர் வெளியேறவே, நம்பியிருந்த மக்கள் கொலைஞர் கையில் அகப்பட்டு மாண்டனர். பாதுகாக்க வந்த அயலார் பாதியில் விட்டுச் சென்ற அந்த இடத்தில்தான் பின்னர்ப் பல ஆண்டுகள் ருவாண்டாவின் கிரிக்கெட் வளர்ந்தது. வெளிநாட்டுத் தொண்டர் அந்நாட்டுக்குச் செல்லும்போது இந்நிகழ்ச்சியை அறிந்து செல்லுதல் நன்று.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு 'கிரிக்கெட் வித்தவுட் பவுண்டரீஸ்' என்ற அறநிறுவனம் தோன்றியது. 'எல்லைகளற்ற கிரிக்கெட்' என்பது அப்பெயரின் பொருள். ருவாண்டா, உகாண்டா, கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது தொண்டர்களை அனுப்பி வந்துள்ளது. தொண்டர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. பயணத்துக்கான பொருளையும் தாமே திரட்டுகின்றனர். விடுமுறை நாட்களை உல்லாசமாகக் கழிக்காமல், வெயிலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும் வேலையை விரும்பி ஏற்கின்றனர்.

கற்பிக்கும் வேலையோ எளிதன்று. கால்பந்தில் பழகிய பிள்ளைகள் ஓடுவதிலும் பந்தைத் தடுப்பதிலும் சூரர்கள். இடர் எல்லாம் பந்து வீச்சிலேதான். கல்லெறிவதுபோல் முழங்கையை மடக்கி எறிவதே எவர்க்கும் இயல்பு. கிரிக்கெட்டிலோ அது குற்றம். வீசும் கை தோளுக்கு நேராக உயர்ந்தபின் முழங்கையை நீட்டிப் பந்தை எறியலாகாது. இவ்விதியைச் சொல்லி விளக்க மொழியும் துணை செய்வதில்லை. மாணவர் பேசுவது கின்யருவாண்டா மொழி. தொண்டர் தம் கையைச் சக்கரம்போல் மெல்லச் சுழற்றிக் காட்டுகிறார். ஐம்பது கைகள் உடன் சுழல்கின்றன. முதலில் பந்தில்லாமல், பின்பு நின்ற இடத்திலிருந்தே பந்தோடு, அதன்பின் இரண்டடி நடந்து, இறுதியில் ஓடி வந்து எனப் படிப்படியாகப் பழக்குகிறார். எறிந்த பந்து கூரைமேல் விழுந்தாலும் எவரும் சிரிப்பை அடக்குவதில்லை. தொண்டரும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார்.

ஆனால் இவ்வளவோடு வேலை முடிந்துவிட்டதென்று எண்ணுபவர் வராமலிருப்பதே மேல். தொண்டர் தங்குவது ஏறக்குறைய இரண்டு வாரம். பள்ளியோ ஆண்டு முழுதும் நடைபெறுவது. பிள்ளைகளோடு ஆடிக் களித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர், ஆசையை மூட்டிவிட்டு அதனை வளர்ப்பாரில்லாமல் விட்டுச் செல்கிறார். அதனினும் அச்சிறுவர்க்கு அந்த ஆட்டம் தெரியாதிருந்ததே நலம் எனலாம். ஆகவே, பயிற்சியின் உயிர்நிலை முற்றத்தில் துள்ளும் மாணவரிடத்தில் இல்லை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரிடத்தில் இருக்கிறது.

அவ்வாசிரியர் கணக்கோ அறிவியலோ கற்பிப்பவராக இருக்கலாம். கிரிக்கெட்டைக் கண்ணாலும் கண்டிராதவராக இருக்கலாம். அவரைப் பயிற்றுநராக்கும் முறை பொறுமை வேண்டுவது. முதலில் தொண்டர் நடத்தும் பாடத்தை அவர் கவனிக்கிறார். அடுத்து ஒரு வரிசை மாணவரை அவர் பொறுப்பில் விடுகின்றனர். பின்னர்ப் பாடம் முழுவதையும் அவரே நடத்த, தொண்டர் ஒதுங்கி நிற்கிறார். ஒதுங்கி நிற்பதுதான் எல்லாவற்றினும் கடினம். ஆசிரியர் தவறாகக் காட்டும்போது குறுக்கிட்டால், மாணவர் முன்னிலையில் அவர் மதிப்புக் குன்றும். மறுநாள் அவர் மட்டையைத் தொடவே கூசுவார். ஆதலின் தொண்டர் நாவை அடக்கிக்கொண்டு, மாணவர் கலைந்தபின் தனியே எடுத்துரைக்கிறார். மாறாக, தொண்டர் கற்கவேண்டியதும் உண்டு. அறுபது பிள்ளைகளை ஒரே குரலில் வரிசைப்படுத்தும் வித்தை ஆசிரியர்க்குத் தெரியும், தொண்டர்க்குத் தெரியாது.

விளையாட்டோடு உடல்நலப் பாடமும் இப்பயிற்சியில் கலந்து வருகிறது. எய்ட்ஸ் நோயால் பெருந்துயர் அடைந்த நாடுகள் இவை. மட்டையாளர் ஸ்டம்புகளைக் காப்பது போலத் தம் உடலைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும், இரத்தப் பரிசோதனைக்கு நாணுதல் தகாது என்பதும் ஆட்டத்தினிடையே உணர்த்தப்படுகின்றன. வகுப்பறையில் சொன்னால் தலை குனியும் பிள்ளைகள், திடலில் தயங்காமல் கேள்வி கேட்கின்றனர்.

ருவாண்டாவின் கிரிக்கெட் பிறர் உதவியால் மட்டும் வளர்ந்ததன்று. நல்ல திடல் ஒன்று அமைப்பதற்காக, அப்போதைய அணித்தலைவர் எரிக் டுசிங்கிசிமானா 2016 மே திங்களில் 51 மணி நேரம் வலைக்குள் நின்று மட்டை பிடித்து உலகச் சாதனை புரிந்தார்; அதனால் பலர் பொருளுதவி செய்தனர். 2017இல் கிகாலியை அடுத்த கஹங்காவில் அழகிய அரங்கம் திறக்கப்பட்டது. 2023 ஜனவரியில், பத்தொன்பது வயதுக்குட்பட்ட மகளிர்க்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. அதில் ருவாண்டாச் சிறுமியர் ஜிம்பாப்வேயை வென்றனர். பின்னர் மேற்கிந்தியத் தீவு அணியையும் வென்றனர். மேற்கிந்திய அணி 70 ஓட்டங்களில் சுருண்டது. தலைவி கிசெல் இஷிம்வே ஆட்டமிழக்காமல் 31 ஓட்டங்கள் எடுத்தார். கிரிக்கெட் உலகம் அன்றுதான் அந்நாட்டைத் திரும்பிப் பார்த்தது.

ஆயினும், அரங்கத்தைக் கண்டிராத குன்றுப்புறப் பள்ளிகள் எத்தனையோ உள. அவற்றுள் ஒன்றில் தொண்டர் விடைபெறும் நாள் வருகிறது. மட்டைகளையும் பந்துகளையும் எண்ணிப் பையிலிட்டு ஆசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். அவர் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொள்கிறார். வண்டி சரிவில் இறங்கி மறைகிறது.

அடுத்த வாரம் பள்ளி மணி அடித்ததும் மாணவர் முற்றத்துக்கு ஓடி வருகின்றனர். விரல்களில் ஒட்டிய சுண்ணப் பொடியைத் தட்டிவிட்டு, ஆசிரியர் ஸ்டம்புகளை நிறுத்துகிறார். சிறுவன் ஒருவன் பந்தை எறிகிறான். அவர் அவனருகே சென்று, முழங்கையைத் தொட்டு நேராக்கி, தம் தாய்மொழியில் ஏதோ சொல்கிறார். அவன் மீண்டும் வீசுகிறான்.