நஷ்ட ஈடும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அப்பீலும்

சாலை விபத்தில் காயமுற்றவருக்குத் தீர்ப்பாயம் நஷ்ட ஈடு அளித்த பின்னர், இன்ஷூரன்ஸ் கம்பெனி உயர்நீதி மன்றத்தில் அப்பீல் செய்துள்ளது என்று கேட்டவுடனே, பணம் போயிற்றென மனந்தளரும் அங்கத்தினர் உளர். அங்ஙனம் தளர வேண்டுவதில்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, தீர்ப்புத் தேதியிலிருந்து 90 தினங்களுக்குள் அப்பீல் செய்தல் வேண்டும். தக்க காரணமிருப்பின் தாமதம் மன்னிக்கப்படலாம். ரூ. 25,000, அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றுள் குறைவானதை முன்னரே கட்டவேண்டும். (பெருந்தொகைத் தீர்ப்புக்கு இது அற்பமே என்பது எமது கருத்து.) ஆயினும், அப்பீல் செய்ததனாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, தடையுத்தரவு தனியே பெறவேண்டும். அதற்கு, தொகையைக் கட்டுமாறு நீதிமன்றம் நிபந்தனை விதிப்பதுண்டு.

வாதம் பெரும்பாலும் ஊனத்தின் அளவைப் பற்றியே எழும். வைத்தியர் எழுதும் சதவிகிதமும் வருமான நஷ்டத்தின் சதவிகிதமும் ஒன்றல்ல. காயமுற்றவரின் தொழிலை நோக்கியே நஷ்டத்தைக் கணிக்க வேண்டுமென 2010-ல் உச்சநீதி மன்றம் விளக்கியது. கால் முடங்கிய நெசவாளி குழித்தறியில் மிதிபலகையை எங்ஙனம் மிதிப்பார்? அமர்ந்தெழுதும் குமாஸ்தாவுக்கு அதே ஊனம் அத்துணை நஷ்டம் தாராது. இதனை நிலைநாட்டச் சங்கத்தின் கூலிப் பதிவேடு சிறந்த சாட்சியம். அதனை அப்பீலில் தேடாது, தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்தல் நன்று. விளைபொருள் விற்ற ரசீதுகள் விவசாயிக்கு அவ்வாறே உதவும்.

கம்பெனி தொகையைக் குறைக்கக் கோருங்கால், அது போதாதெனக் கருதும் காயமுற்றவரும் எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். விசாரணை நோட்டீஸ் சேர்ந்த ஒரு மாதமே அதற்குரிய தவணை. ஆதலின் நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலிடம் காட்டுக.