விளையாடிக்கொண்டே இங்கிலீஷ் வார்த்தை

வீட்டில் தம்பி, தங்கை ஒன்று முதல் ஐந்தாவது வரை படிக்கிறார்களா? அப்போ இது உங்களுக்குத்தான். ‘மேங்கோ என்றால் மாம்பழம்’ என்று பத்துத் தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும். மறுநாள் கேட்டால் திருதிருவென முழிப்பார்கள். விளையாட்டில் படித்தது லேசில் மறக்காது.

இங்கிலீஷே தெரியாது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பஸ், டிக்கெட், சைக்கிள், பல்பு, சுவிட்ச், மோட்டார் எல்லாம் என்ன பாஷையாம்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கண்ணில் பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளை எண்ணிக்கிட்டு வரச் சொல்லுங்கள். விரல் பத்தாது. ஆனா ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று சொன்னால் மார்க் கிடையாது! நாலும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. இதில் பெரியவங்களே ஏமாறுவாங்க.

அடுத்து ‘சைமன் சேஸ்’. ‘சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்’ என்றால் மூக்கைத் தொடணும். சைமன் பெயரைச் சொல்லாமல் வெறும் ‘டச் யுவர் நோஸ்’ என்றால் அசையக் கூடாது. நாங்கள் சைமனை எடுத்துவிட்டு ‘அக்கா சேஸ்’ என்று வைத்திருக்கிறோம். இதில் வாய் திறந்து பேச வேண்டியதில்லை, அதுதான் விசேஷம். கைக்குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே ‘வா’, ‘பந்தை எடு’ என்பது புரிகிறது அல்லவா? 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இதை வைத்தே ஒரு பாடமுறையை உண்டாக்கினார். முதலில் கேட்டுச் செய்யணும், பேச்சு அப்புறம்.

எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி. இங்கிலீஷ் பீரியடில் வாயே திறக்க மாட்டாள். மற்றவங்க சிரிப்பாங்கன்னு பயம். சாயங்காலம் கோயில் திண்ணையில் எங்களோடு ஆடினாள். நாலு நாள் சத்தமில்லாமல் மூக்கு, காது, முட்டி என்று தொட்டுக்கிட்டே இருந்தாள். அஞ்சாம் நாள், “நான்தான் அக்கா” என்று முன்னால் வந்து நின்று, “டச் யுவர் நீ!” என்று கத்தினாள். எல்லோரும் முட்டியைத் தொட்டோம். அவள் ‘அக்கா சேஸ்’ சொல்லவே இல்லை! எல்லோருக்கும் ஒரு பாயிண்ட் போச்சு.

பாயிண்ட்தான் போகணும், ஆள் வெளியே போகக் கூடாது. தெரியாத பிள்ளைதானே முதலில் அவுட் ஆகும்? அதுக்குத்தான் பழக்கம் அதிகம் வேணும்.

பாண்டிக் கட்டத்திலும் வார்த்தை எழுதலாம். சில்லு விழுந்த கட்டத்தைப் படித்துவிட்டுத் தாண்டணும். மழை நாளில் ஒரு தட்டில் சாக்பீஸ், பொத்தான், புளியங்கொட்டை என்று பத்துப் பொருளை வைத்து, ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் துண்டால் மூடுங்கள். ஞாபகம் வைத்து இங்கிலீஷில் சொல்லணும். இதே போன்ற விளையாட்டு 1901-ல் வந்த கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் உண்டு.

ஸ்பெல்லிங்குக்குக் கோடு போட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்டம்தான் சரி. தூக்குமரப் படம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தப்பான எழுத்துக்கு ஒரு படி வீதம் தவளை கிணற்றில் இறங்கட்டும். முதலில் ‘ஈ’ எழுத்தைக் கேளுங்கள். இங்கிலீஷில் அதிகம் வருவது அதுதான். ஸ்கிராபிள் ஆட்டத்தின் 100 வில்லைகளில் ‘ஈ’ மட்டும் 12. ‘இசட்’ ஒன்றே ஒன்று.

கடை ஸ்கிராபிளுக்குக் காசு எங்கே? பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி நாங்களே அட்டை செய்கிறோம். இன்னும் 40 பாக்கி. வீட்டில் பத்திரிகை கிடந்தால் ஒன்பதாம் வகுப்பில் கொண்டு வந்து கொடுங்கள்.