துளியிலிருந்து காந்தத் துகளைப் பிரிப்பது எப்படி?



வடமாலபேட்டை என்றால் இங்குள்ள பலருக்குத் தெரியாது. புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, மலைக்குப் போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துபோகும் ஊர். கடைப் பலகைகள் தெலுங்கில் இருக்கும்; எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு அங்கே என் தம்பிக்கு நெஞ்சை அடைத்தது. வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். நள்ளிரவில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி.யில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்து வேறு ஊர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் மாரடைப்பு என்று முடிவு வந்தது. தம்பி பிழைத்தான். ஆனால் இன்றும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ரத்தத்தைச் சோதிக்க ஏன் இத்தனை நேரம், படுக்கை அருகிலேயே செய்ய முடியாதா என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் ரயில்வேயில் வேலை பார்த்த டிப்ளமாக்காரன், மருத்துவன் அல்ல. பேரனின் உதவியுடன் தேடிப் படித்ததில், விஷயம் எனக்குப் பழக்கமான இடத்தில் வந்து நின்றது. அதாவது ஷண்டிங்!

முதலில் துளி ஓடும் விதம். ஒரு தட்டில் சின்னச் சின்ன உலோகத் தகடுகளைச் சதுரங்கக் கட்டம்போல் பதிக்கிறார்கள். மேலே மின்சாரம் கடத்தாத பூச்சு, அதற்கும் மேலே நம் தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் போல நீர் ஒட்டாத பூச்சு. துளிக்குப் பக்கத்துத் தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் துளி அந்தப் பக்கம் பரவி நகர்கிறது. மின்னழுத்தம் திரவத்தின் மேற்பரப்பை மாற்றும் என்பதைப் பாதரசத்தை வைத்து 1875-இல் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி காப்ரியேல் லிப்மன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபேர் என்ற பேராசிரியரின் குழு இதைச் சிப்பாக வளர்த்தது. கண்மருந்துப் புட்டியின் ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர். இங்கே ஓடும் துளிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. குழாய் இல்லை, பம்பு இல்லை. கணினி எந்தத் தகட்டைத் தட்டிவிடுகிறதோ அங்கே துளி போகும். பாயின்ட்ஸ் மாற்றி வண்டியை வேறு லைனுக்கு அனுப்புவது போலத்தான்.

இனி துகள்கள். இதயத் தசை பழுதுபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும், மிக மிகக் குறைந்த அளவில். அதைப் பிடிக்கக் காந்தத்தால் ஈர்க்கப்படும் நுண்மணிகளை ரத்தத்தில் கலக்கிறார்கள். நார்வே நாட்டின் ஜான் உகல்ஸ்டாட் 1970-களில் ஒரே அளவான பிளாஸ்டிக் நுண்மணிகள் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் அவற்றுக்குள் இரும்பு ஆக்சைடைப் புகுத்தினார்கள். ஒரு மணியின் அகலம் தலைமுடியின் தடிமனில் சுமார் இருபதில் ஒரு பங்கு. மணியின் மேல் ஒட்டியுள்ள எதிர்ப்புரதம் ட்ரோபோனினைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஒளிரச் செய்யும் அடையாளம் கொண்ட இரண்டாவது எதிர்ப்புரதத்தைச் சேர்ப்பார்கள். அது ட்ரோபோனினைக் கவ்விய மணிகளில் மட்டும் ஒட்டும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு ட்ரோபோனின்.

ஒட்டாமல் மிதக்கும் அடையாளப் பொருளும் ஒளி தருமே! அதைக் கழுவி நீக்காவிட்டால் நல்ல இதயம் உள்ளவனுக்கும் மாரடைப்பு என்று காட்டும். கழுவும்போது மணிகளும் சேர்ந்து போய்விட்டால், மாரடைப்பு வந்தவனுக்கு ஒன்றுமில்லை என்று காட்டும். ஆகவே மணிகள் நிற்க வேண்டும், தண்ணீர் போக வேண்டும்.

யார்டில் ஒரு வேகனுக்குக் கைப்பிரேக் போட்டு நிறுத்தி, கப்ளிங்கைக் கழற்றி, எஞ்சினை மட்டும் நகர்த்துவோம். இங்கே பிரேக் என்பது தட்டுக்கு அடியில் உள்ள காந்தம், எஞ்சின் என்பது துளி. கப்ளிங் எது? தண்ணீரின் தோல். அதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். மணி வெளியே வர அந்தத் தோலைக் கிழிக்க வேண்டும். மணியின் அகலத்தைப் பாதியாக்கினால் காந்தம் இழுக்கும் விசை எட்டில் ஒன்றாகிறது. தோல் பிடித்து வைக்கும் விசை பாதிதான் குறைகிறது. எனவே தனி மணியால் தோலைத் துளைக்க முடிவதில்லை. துளி நகர்ந்தால் அதன் விளிம்பு மணிகளை வாரிக்கொண்டு போய்விடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வலுவான காந்தத்தால் மணிகளைக் கட்டியாகச் சேர்த்து, கூட்டு பலத்தில் வெளியே இழுக்கலாம். அல்லது மணிகளைத் துளியின் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, மின்னழுத்தத்தால் துளியையே இரண்டாக வெட்டலாம். மணிகள் ஒரு சிறு துளிக்குள் தங்கும், மீதித் தண்ணீர் போய்விடும். இரண்டாவதே எனக்கு உசிதமாகப் படுகிறது, மணிகள் காய்வதில்லையே. துளியைச் சுற்றி சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால் தோலின் பிடியும் தளரும்.

குழந்தைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் துழாவினால் கருப்புப் பொடி ஒட்டும். சிறுவயதில் எங்கள் ஊர் மணலில் இது எங்களுக்குப் பெரிய விளையாட்டு. மெழுகு தேய்த்த தாளில் ஒரு சொட்டு நீர் விட்டு, சிட்டிகைப் பொடி போட்டு, தாளுக்கு அடியில் காந்தத்தை வைத்துத் தாளை மெல்லச் சாயுங்கள். காந்தம் தள்ளியிருந்தால் பொடி துளியோடு ஓடும். கொஞ்சம் நெருங்கினால் துளி முழுவதும் பொடியோடு நின்றுவிடும். நன்றாக நெருக்கி, தாளையும் செங்குத்தாகச் சாய்த்தால் பெரிய துளி பிய்ந்து ஓடி, பொடியைச் சுற்றி ஒரு குட்டித் துளி தங்கும்.

அந்தக் குட்டித் துளியிலும் அழுக்கு மிச்சம் இருக்கும். அதனால்தான் பலமுறை கழுவுகிறார்கள். ஒரு பங்கு மிச்சத்துடன் ஐந்து பங்கு சுத்த நீர் சேர்த்து, ஐந்து பங்கை வெட்டி எடுத்தால் அழுக்கு ஆறில் ஒன்றாகும். இப்படி ஐந்து முறை செய்தால் 7776-இல் ஒன்று. அதே இருபத்தைந்து பங்கு நீரை ஒரே தடவையில் ஊற்றினால் 26-இல் ஒன்றுதான். அரிசியைக் கொஞ்சம் கொஞ்சம் நீர் விட்டுப் பலமுறை களைந்த நம் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்தே இருந்தது. இந்த 7776 நான் கற்பித்த எண் அல்ல. ராமகிருஷ்ண சிஸ்தா, விஜய் ஸ்ரீநிவாசன், வம்சி பாமுலா முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தனை மடங்கு கழுவிய பின்னும் ஏறக்குறைய எல்லா மணிகளும் தங்கின.

கழுவி முடிந்ததும் காந்தத்தை விலக்கினால் மணிகள் காந்தத்தன்மையை இழக்கின்றன. இது முக்கியம். பட்டறையில் ரயில் அச்சுகளில் விரிசல் தேட, அச்சைக் காந்தமாக்கி இரும்புப் பொடி கலந்த திரவம் ஊற்றுவோம். சோதனை முடிந்தாலும் எஃகில் காந்தம் மிஞ்சும், அதைத் தனியாக நீக்க வேண்டும். மணிகளில் அந்தத் தொல்லை இல்லை. கட்டியான மணிகளைக் கலைக்கத் துளியை ஐந்து தகடுகள் தாண்டி ஓட்டினார்கள். உள்ளே எழும் சுழற்சியே கலக்கிவிட்டது.

அதே 2008-இல் அதே குழுவினர் முழு ரத்தத்திலிருந்தே ட்ரோபோனினை எட்டு நிமிடத்துக்குள் அளந்து காட்டினார்கள். பாமுலாவும் மைக்கேல் பொல்லக்கும் 2004-இல் தொடங்கிய அவர்களது நிறுவனத்தை, மரபணு படிக்கும் இலுமினா நிறுவனம் 2013-இல் வாங்கிவிட்டது.

தொலைபேசியில் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்தப் பெட்டி நம்ம ஊருக்கு வருமா அண்ணா?" என்றான். வந்தாலும் ஒரே சோதனையில் முடியாது, வலி தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே ட்ரோபோனின் ஏறும், அதனால் டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ அன்னிக்கு நான் ஓமத் தண்ணி குடிச்சுப் படுத்த நேரத்தையும் கணக்குல சேர்த்துக்கோ" என்றான்.